சீட் வெச்ச வாக்கர்

ஏனுங்க அம்மிணி, நீங்க அதை எடுக்காதீங்க. நாலு காலு மட்டும் இருக்குது பாருங்க, அலுமினியத்துல, அதைச் சொல்றேன். அதை வாங்கிட்டுப் போயித்தான் நான் இப்ப மறுக்கா இங்க வந்து உக்காந்திருக்கேன். யாரோ ஒரு பொம்பளை குறுக்க பேசறாளேன்னு கோவிச்சுக்காதீங்க. கடைக்காரத் தம்பி குடோன்ல இருந்து எடுத்தாறேன்னு உள்ள போயிருக்குது. அது வாரவரைக்கும் ரெண்டு பேரும் சும்மாதான உக்காந்திருக்கோம்.

உங்களுக்கு யாருக்குங்க? அம்மாவுக்கா? மூட்டா?

மூட்டு தேவலைங்க. மூட்டுன்னா வெளிய சொல்லலாம். என்ற ஊட்டுக்காரருக்கு நடுக்கம். நடுக்கம்னா கை நடுங்கறது மட்டுமில்லீங்க. நல்லா நடந்துட்டே வருவாரு, வாசப்படியப் பாத்தா காலு பசை போட்டு ஒட்டுன மாதிரி நின்னுக்கும். பேச்சு உள்ளுக்குள்ள போயிருச்சு. அவரு பேசறாரு, நமக்குத்தான் கேக்காது. மொகம் அசையாது. சிரிச்சாலும் சிரிச்சது தெரியாது. இதுக்கெல்லாம் ஒரே வியாதிதானாமா, பேரு இங்கிலீசுல இருக்குது. நான் அதை வெளிய சொல்றதில்ல. யாராச்சும் கேட்டா கழுத்தெலும்பு தேய்மானம்பேன். உங்ககிட்டச் சொல்லிட்டேன், பாருங்க. உங்களுக்கு எந்த ஊரு? கரூரா? செரி, அப்ப பரவால்ல.

கரண்டு ஆபீசுல லைன்மேனுங்க அவரு. நாச்சிமுத்துன்னா எங்க பக்கத்துல தெரியாத ஆளில்ல. ஆடி மாசக் காத்துல கம்பத்து மேல ஏறி நிப்பாரு. கீழ நின்னு நான் கத்துவேன், எறங்குங்கன்னு. மேல இருந்து சிரிப்பாரு. அப்பெல்லாம் சிரிச்சாத் தெரியும்.

தெரபி குடுக்கறக்கு ஒரு பொண்ணு வாரத்துக்கு ரெண்டு நாள் ஊட்டுக்கு வருது. அது ஆரம்பத்துலயே சொல்லுச்சு. "அம்மா, அய்யாவுக்குச் சக்கரம் வெச்சது, பிரேக் வெச்சது, நடுவால சீட் வெச்சதாப் பாத்து வாங்குங்க. காலு ஓஞ்சுதுன்னா பிரேக்கைப் போட்டுட்டு நின்ன எடத்துலயே திரும்பி உக்காந்துக்கலாம். நான் பழக்கி உட்டர்றேன். தெரு முக்கு வரைக்கும் போயிட்டு வருவாரு"ன்னு.

வந்தனுங்க, இதே கடைக்கு. இதே தம்பி எடுத்துக் காட்டுச்சு. உக்காந்து பாருங்கம்மான்னு சொல்லுச்சு. நான் உக்காரல. எனக்கு மனசுல என்ன ஓடுதுன்னா, நடுத்தெருவுல, ஸ்கூல் வேன் போகுது, பால்காரரு போறாரு, எதுத்த ஊட்டுக்காரி கோலம் போடறா, இவரு திடீர்னு வண்டியத் திருப்பி உக்காந்துக்கறாரு. பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க? கல்யாணத்துக்குப் பொண்ணை வெச்சிருக்கற ஊடுங்க. அப்பனுக்கு வந்தது பொண்ணுக்கு வராதான்னு கேக்க மாட்டாங்களா? எனக்கு அவரைப் பத்தித்தான் கவலைன்னு அப்ப நான் எல்லார்கிட்டயும் சொன்னேன். அவரு வெளிய போயி உழுந்துட்டா என்ன பண்றதுன்னு. அது பொய்யில்ல. முழுசும் நெசமும் இல்ல.

அதனால அந்த நாலுகாலு. ஊட்டுக்குள்ள மட்டும் நடக்கறக்கு. ஊட்டுக்குள்ளன்னா யாரு பாக்கறா?

அதுல என்னன்னா அம்மிணி, ஒவ்வொரு எட்டுக்கும் அதைத் தூக்கி வெக்கோணும். தூக்குனா இவரு பின்னால சாய்வாரு. ரெண்டு தடவை சாஞ்சாரு. செவுரு இருந்ததால கீழ உழுகல. கட்டல்ல இருந்து பாத்ரூமுக்குப் போறதுக்குள்ள நெத்தியெல்லாம் வேர்த்துரும். பாதியில உக்காரலாம்னா எங்க உக்கார்றது? ஆனா இது வேண்டாம், அது வாங்குன்னு அவரு ஒண்ணும் சொல்லல. சொன்னாரோ என்னமோ, எனக்குக் கேக்கல.

தம்பி வருதுங்களா? இல்ல, அது வேற யாரோ. செரி, கேளுங்க.

தாரணிக்கு, என்ற பொண்ணுக்கு, போன மாசம் ஒரு எடம் வந்துச்சு. பெருந்துறை பக்கம். பையன் கோயமுத்தூருல கம்பெனி வேலை. நல்ல பையன். சாதகம் பொருந்திருச்சு, போட்டோ புடிச்சுருச்சு, ஞாயித்துக்கெழமை பத்து மணிக்குப் பொண்ணு பாக்க வர்றோம்னு தரகர் போன் பண்ணிட்டாரு. தாரணிக்கும் அந்தப் பையனப் புடிச்சிருந்துச்சு. சொல்லல. ஆனா போட்டோவ எங்கிட்டத் திருப்பிக் குடுக்கல.

ஞாயித்துக்கெழமை காலையில நான் அந்த நாலுகால எடுத்துட்டுப் போயி மாடியில குடியிருக்கற ரோசி டீச்சர் ஊட்டுல வெச்சுட்டேன்.

டீச்சர் கேட்டாங்க, "அக்கா, அப்ப அண்ணன் எப்படி நடப்பாரு?"

"எதுக்கு நடக்கோணும் டீச்சர்? சோபாவுல உக்காந்துட்டுத்தான இருக்கப் போறாரு. ஒரு மணி நேரந்தான்"னேன். அவங்க ஊட்டைப் பூட்டிட்டு சர்ச்சுக்குப் போயிட்டாங்க.

நான் ஒண்ணும் ரோசனை பண்ணாம செய்யலீங்க. நாலு நாளு அவருக்குப் பழக்குனேன். அவங்க உள்ள வந்த ஒடனே சோபாக் கையப் புடிச்சு எந்திரிச்சு, கையெடுத்துக் கும்புட்டு, "வாங்க"ன்னு சொல்லிட்டு உக்காந்துக்கோணும். அவ்வளவுதான். நான் ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணுவேன், மூணுல எந்திரிப்பாரு. சனிக்கெழமை ஆறு தடவைல அஞ்சு தடவை எந்திரிச்சாரு. எனக்கு அப்படியொரு சந்தோசம். எம்பட கையப் புடிச்சு, "செரிதான?"ன்னாரு. அது எனக்குக் கேட்டுச்சு.

நம்ம பக்கம் உங்களுக்குத் தெரியுமில்ல? கரூர்லயும் அதே கதைதான? வந்தவங்களை ஒவ்வொருத்தரா மொகத்தைப் பாத்து வாங்கன்னு கேக்கோணும். கேக்காட்டிப் போச்சு. எங்க பெரியப்பன் மகன் ஒருத்தன் பதினெட்டு வருசமா எங்கய்யன் ஊட்டு வாசல மிதிக்கல. ஒரு காதுகுத்துல எங்கய்யன் அவனப் பாத்து வாங்கன்னு கேக்கலையாமா. எங்கய்யன் அப்ப மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருந்தாரு. அதைச் சொன்னா யாரு கேக்கறா?

இன்னொண்ணும் பண்ணுனேன். மாத்திரை போட்டா ஒரு மணி நேரத்துல ஒடம்பு இளகும். கையி காலு நம்ம பேச்சைக் கேக்கும். ஒரு ஒண்ணரை மணி நேரம் தாங்கும், அப்பறம் மறுக்கா இறுகிரும். பத்து மணிக்கு வர்றாங்கன்னு கணக்கு வெச்சு ஒம்பதுக்குக் குடுத்துட்டேன். ஒம்பதரைக்குப் புது வேட்டி கட்டி, சோபாவுல புது உறை போட்டு, உக்கார வெச்சுட்டேன்.

பத்துக்கு வரல. பதினொண்ணுக்கும் வரல. வர்ற வழியில கோயிலுக்குப் போயிட்டு வர்றாங்களாமா. வந்தப்ப பன்னண்டு ஆகறக்குக் காமணி நேரம் இருந்துச்சு.

ஏழு பேரு. நான் வாசல்ல நின்னு ஒருத்தர் உடாம வாங்க வாங்கன்னு கேட்டுட்டேன். பையனோட தாய்மாமன் நேரா உள்ள போயி இவரு முன்னால நின்னு கையெடுத்துக் கும்புட்டாரு. இவரு கல்லாட்ட உக்காந்திருக்காரு. கை பாதி ஒசரத்துக்கு வந்துச்சு, நின்னுக்குச்சு. ஒதடு அசைஞ்சுது. வாங்கன்னுதான் சொன்னாரு. முப்பத்து நாலு வருசமா நான் பாக்கற ஒதடு, எனக்குத் தெரியாதுங்களா? ஆனா சத்தம் வரல. மொகத்துலயும் ஒண்ணும் தெரியல. அந்த மனுசன் கும்புட்ட கையோட சித்த நேரம் நின்னாரு. இவரு எந்திரிக்கட்டும்னு.

நான் குறுக்க பூந்து, "நேத்துத் தண்ணித் தொட்டி கழுவறப்ப இடுப்புப் புடிச்சுக்கிச்சுங்க"ன்னேன்.

"ஓ, அப்படீங்களா"ன்னாரு. உக்காந்துக்கிட்டாரு. மொகம் தெளியல.

அப்பறம் பேச்சு ஆரம்பிச்சுது. எந்தக் கொலசாமிக் கோயிலு, எந்தக் கூட்டத்து வம்சம், யாருக்கு யாரு ஒறவுன்னு. நான்தான் ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசுனேன். நடுவுல இவரு என்னையப் பாத்திருக்காரு போல. எனக்கு அந்த மும்முரத்துல அதெல்லாம் கவனிக்க முடியலீங்க.

தாரணி சொம்பு சொம்பாத் தண்ணி கொண்டாந்தா. வந்தவங்களுக்கு மொதல்ல தண்ணி, அப்பறந்தான் காப்பி. ஒவ்வொருத்தருக்கா நல்லாத்தான் குடுத்துட்டு வந்தா. பையனுக்குக் குடுத்தா. அவன் ஏதோ சொன்னான், இவ தலையக் குனிஞ்சு சிரிச்சா. எனக்கு வயித்துல பாலை வாத்தாப்பல இருந்துச்சு. கடைசியா அப்பன்கிட்ட வந்தா. குனிஞ்சா. குனிஞ்சவ ஒரு நிமிசம் அப்படியே நின்னா.

அப்பறம் சொம்புத் தண்ணி முச்சூடும் அவரு மடியில.

எல்லாரும் பதறிட்டாங்க. பையனோட அம்மா, "பரவால்ல உடுங்க, பதட்டம்"னாங்க, ஆனா தாய்மாமனை ஒரு பார்வை பாத்தாங்க. அந்தப் பையன் எந்திரிச்சு வந்து கர்ச்சீப்ப நீட்டுனான். இவ வாங்கல. "வேண்டாங்க, நான் பாத்துக்கறேன்"னுட்டு, துண்டை எடுத்து அப்பன் மடியில போட்டுட்டு, அவருக்கு முன்னாலயே நின்னுக்கிட்டா. நகரவே இல்ல. மத்தவங்களுக்குக் காப்பி நான்தான் குடுத்தேன். கல்யாணப் பொண்ணு மரம் மாதிரி நிக்கறா. எனக்கு ஆத்திரம் பத்திக்கிட்டு வருது. வெளிய சிரிச்சுட்டு இருக்கேன்.

அவங்க கெளம்பறப்பவும் இவரு எந்திரிக்கல. அந்த மாமன் இவருகிட்டச் சொல்லிக்காமயே செருப்ப மாட்டிட்டாரு.

கேட்டைச் சாத்திட்டு உள்ள வந்தேன் பாருங்க. மொதல்ல பொண்ணு. "கை என்னடி, பூத்துப் போச்சா? ஒரு சொம்பு புடிக்கத் தெரியல, நீ போயி குடும்பம் பண்ணிக் கிழிக்கப் போறியா?" அப்பறம் இவரு. "ஏனுங்க, நாலு நாளா தொண்டை வத்த எண்ணுனேனுங்களே, ஒரே ஒரு தடவை எந்திரிக்க முடியாதுங்களா? பெத்த பொண்ணுக்காக ஒரு நிமிசம் நிக்க மாட்டீங்களா?" ங்க போட்டுத்தான் திட்டுனேன். ங்க போட்டுத் திட்டுனா எப்படிக் குத்தும்னு உங்களுக்குத் தெரியும்.

அவரு ஒதடு அசைஞ்சுது. கிட்டப் போயி குனிஞ்சேன்.

"தாரணியை உள்ள போகச் சொல்லு"ன்னாரு.

ஈர வேட்டிய மாத்தறக்கு வெக்கப்படறாருன்னு நெனச்சேன். அவ உள்ள போனா. நான் வேற வேட்டி எடுத்தாந்து, ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணி, கக்கத்துல கை குடுத்துத் தூக்குனேன். சோபா உறை பின்னால வரைக்கும் நனைஞ்சிருந்துச்சு. உறைய உருவுனா, அடியில இருக்கற பஞ்சும் நனைஞ்சிருக்குது. மடியில ஊத்துன ஒரு சொம்புத் தண்ணி அவ்வளவு தூரம் போகுமாங்க அம்மிணி? வாசம் வேற சொல்லிருச்சு.

ஒம்பதரையில இருந்து பாத்ரூம் போகாம உக்காந்திருக்காரு. வாக்கர் மாடியில, டீச்சர் சாவியோட சர்ச்சுல.

"புள்ளைய ஒண்ணும் சொல்லாத"ன்னாரு.

அவ்வளவுதான் சொன்னாரு. எனக்கு அங்கயே செத்துப் போயிரலாமான்னு இருந்துச்சு. என்ற பொண்ணு குனிஞ்ச ஒரு நிமிசத்துல எல்லாத்தையும் பாத்துட்டா. அப்பன் மானத்தைக் காப்பாத்தறக்கு, புடிச்ச பையன் முன்னால, அவளே கை தடுமாறுனவளா ஆகிக்கிட்டா. நான் அவளைக் கை பூத்துப் போச்சான்னு கேட்டேன்.

சாயந்தரம் தரகர் போன் பண்ணுனாரு. பொண்ணுக்குக் கை நிதானமில்லையாமா. அப்பன் மட்டு மரியாதை தெரியாத ஆளாமா, கரண்டு ஆபீசுல சம்பாதிச்ச திமிராமா. எந்திரிக்கல, வாங்கன்னு கேக்கல, மொகத்துல ஒரு சிரிப்பில்ல. வியாதின்னு ஒரு வார்த்தை வரல பாருங்க. மறைச்சது என்னமோ நல்லாத்தான் மறைச்சிருக்கேன்.

சித்த இருங்க, மூக்கச் சிந்திக்கறேன்.

நடுவுல அவரு என்னையப் பாத்தது எனக்குத் தெரியலைன்னு சொன்னேனில்ல. தெரியுமுங்க. மூணு தடவை பாத்தாரு. மொதத் தடவை பாத்தப்பவே எனக்குப் புரிஞ்சுருச்சு, எதுக்குன்னு. முப்பத்து நாலு வருசமுங்க. மொகம் அசையாட்டியும் கண்ணு கெஞ்சுனா தெரியாதா? இன்னுங் கொஞ்ச நேரந்தான, அடக்கிக்குவாருன்னு நெனச்சேன். மூணாந் தடவை பாத்தப்ப நான் அந்தப் பக்கமாத் திரும்பி, பையனோட அம்மாகிட்ட, கோயில்ல நல்ல கூட்டமுங்களான்னு கேட்டேன். இதை நான் தாரணிகிட்டக் கூடச் சொல்லல.

அவ அழுகவும் இல்ல, சண்டை போடவும் இல்ல. மூணு நாள் கழிச்சுத் துணி மடிச்சுட்டே சொன்னா. "அம்மா, இனி யாராச்சும் வந்தா அப்பா வாசல்ல இருக்கோணும். தெரபி அக்கா சொன்ன அந்த சீட் வெச்ச வாக்கரோட. நிக்க முடிஞ்சா நிக்கட்டும், முடியாட்டி அதுலயே உக்காந்துட்டு வாங்கன்னு கேக்கட்டும். இல்லாட்டி என்னையும் கொண்டு போயி ரோசி டீச்சர் ஊட்டுல வெச்சுப் பூட்டிரு"ன்னா.

நாளான்னிக்கு ஒரு எடம் வருது, காங்கேயத்துல இருந்து. அதான் வந்துட்டேன்.

வந்துருச்சு, தம்பி வந்துருச்சு. இதுங்களா? நல்லா இருக்குது தம்பி. கறுப்பு வேண்டாம், நல்ல காரியத்துக்கு வாங்கறோம். அந்த மெரூன் கலரு குடுங்க. பாருங்க அம்மிணி, சோபா உறையும் எங்களுக்கு மெரூன்தான், அதே துணியில சீட்டுக்கு ஒண்ணு தெச்சுப் போட்டுட்டா வித்தியாசமே தெரியாது. ஒரு நாற்காலி மாதிரித்தான் இருக்கும். வந்தவங்க ஏதாச்சும் கேட்டா காலு சுளுக்கு, ரெண்டு மாசத்துல சரியாயிரும்னு சொல்லிக்கலாம். என்னங்க பாக்கறீங்க? அப்படியே ஒடச்சுச் சொல்லிற முடியுங்களா? பொண்ணு வாழ்க்கைங்க.

பிரேக்கு இதுங்களா தம்பி? இப்படி அழுத்தி உட்டா நின்னுக்கும். செரி. சீட்டுக்கு மேல இந்தப் பட்டை முதுகுக்கா? செரி. மடக்குனா எத்தன அகலம் வரும்? பீரோவுக்குப் பின்னால போயிருமா? இல்ல, சும்மா கேட்டேன்.

ஒசரமா? அவரு என்னைய விட ஒரு சாண் ஒசரம். இருந்தாரு. இப்பக் கூனிட்டாரு. நீங்களே உத்தேசமா வெச்சுக் குடுங்க.

உத்தேசமா வெக்கக் கூடாதா? மணிக்கட்டு ஒசரத்துக்குப் பிடி இருக்கோணுமா? கொறஞ்சா முன்னால குப்புற இழுத்துருமா? அப்ப ஆளு இருந்தாத்தான் ஆகுமுங்களா?

இருக்காரு தம்பி. வந்திருக்காரு. ஆட்டோவுல உக்காந்திருக்காரு. இந்தக் கடைக்கு நாலு படி வெச்சிருக்கீங்களே, நடக்க மாட்டாதவங்க வர்ற கடைக்கு, அதுல எப்படி ஏறுவாரு? அதனால அங்கயே இருக்கட்டும்னு உட்டுட்டு வந்தேன்.

கடை முன்னால இல்லீங்க அம்மிணி. பக்கத்துச் சந்துல நிறுத்தச் சொன்னேன். இங்க டீக்கடையில தெரிஞ்சவங்க யாராச்சும் நிப்பாங்க, நம்ம ஊர்ச் சனம் பூராவும் இந்த ஆஸ்பத்திரி ரோட்டுலதான சுத்துது. ரெண்டு பக்கமும் படுதாவ எறக்கி உட்டிருக்கேன். வெயிலுக்கு.

வெயில் இல்லீங்களா?

ஆமாங்க. காலையில இருந்தே மோடம் போட்டுருக்குது.

நான் இங்க வந்து எத்தன நேரமாச்சு? முக்கா மணி நேரமா? தண்ணி பாட்டில் கூட எம்பட பையிலதான் இருக்குது. கேட்டாருன்னா அந்த ஆட்டோக்காரருக்குக் கேக்காதே. நான் ஒருத்தி, ஊரு பேரு தெரியாத உங்ககிட்ட ஒண்ணு உடாமக் கொட்டிட்டு இருக்கேன். அந்த மனுசன்கிட்டத் தப்புப் பண்ணிட்டேனுங்கன்னு ஒரு வார்த்தை நான் இன்னும் சொல்லல, அம்மிணி. ஒரு மாசமாச்சு. தெனமும் குளிப்பாட்டறேன், சோறு ஊட்டறேன், சொல்ல மட்டும் வாய் வரல. அவரும் கேக்கல. கேட்டாரோ என்னமோ.

தம்பி, அந்த வண்டியப் படியில எறக்கி ரோட்டுல வையுங்க. ஆமா, டீக்கடை முன்னாலயேதான். இல்ல, நீங்க போயிக் கூப்புட வேண்டாம். நான் போறேன். ஆட்டோவுல அவரு பக்கத்துல ஒரு நிமிசம் உக்காந்துட்டு, அப்பறமாக் கூட்டியாறேன்.